ஹெட்லைட்டுக்குப் பவர் ஏற்றிய மாமா

என் அக்கா வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருடைய மூக்கின் மேல் உட்கார்ந்திருப்பது அவருடைய கைவேலைதான். கண் பரிசோதனையும் அவரே செய்வார். வந்தவரை உயரமான நாற்காலியில் ஏற்றி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லுவார். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் இரண்டு டப்பாவைக் காட்டியபோதும் இதையேதான் கேட்டார். மூன்றாவது முறையும் அவர் அதையே கேட்டதும், பெயின்டர் டப்பாக்களை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் கார்களுக்கு வயரிங் பார்ப்பவன். மாமாவின் கார் என் ஷெட்டுக்கு வராத மாதம் கிடையாது. அதே மாடல் கார்கள் எல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இது மட்டும் போக மறுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. விற்றுவிடச் சொன்னால் மாமா காதில் வாங்கமாட்டார். அதற்குக் காரணம் கார் இல்லை, என் அக்கா.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பல வருஷமாகக் காலை டியூட்டி. விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். மாமாதான் கொண்டுபோய் விடுவார். வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைவு. அவள் வீட்டுக்கு வரும்போது அவர் கடையில் இருப்பார், அவர் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். பேச்செல்லாம் காரில்தான். ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி வீட்டு வாசலில் தொடங்கி ஆஸ்பத்திரி வாசல் வரை பேசினார்கள். இதற்கு ஒரு காரா என்று தோன்றியது. ஆனால் அக்காவுக்கு விடுமுறை என்றால், அன்றைக்கு முழுவதும் மாமா எதையோ தொலைத்தவர் மாதிரி சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என் ஷெட்டுக்கு வந்து, "ஹெட்லைட் மங்கலா இருக்கு மாப்பிள்ளே. கொஞ்சம் பவர் ஏத்திக் கொடு" என்றார்.

பார்த்தேன். குறை நிஜம்தான். ஹெட்லைட் மேல்மூடி வெயிலில் மஞ்சள் பூத்திருந்தது. மாமா அதைக் கடையில் மூக்குக் கண்ணாடி துடைக்கும் பட்டுத் துணியால் தினமும் துடைத்திருக்கிறார். அதனால் அது பளபளப்பான மஞ்சளாக இருந்தது. நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் ஏற்றி, பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தேன். எர்த் வயர் வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் துரு பிடித்திருந்தது. அதைச் சுரண்டிச் சுத்தமாக்கி முறுக்கினேன். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் விளக்குக்குப் போகிற கரண்ட் எல்லாம் டேஷ்போர்டு ஸ்விட்சுக்குள் நுழைந்து, மெல்லிய வயரில் சுற்றி வளைத்துத்தான் போகும். பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட் புறப்பட்டால் பல்புக்குப் பத்துதான் போய்ச் சேரும். மீதி வழியிலேயே காலி. நான் நடுவில் ரிலே என்கிற தனி ஸ்விட்சு வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்தேன். கடைசியில் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் அந்தக் கோட்டைத் தாண்டி மேலே ஏறாதபடி திருகைச் சரிசெய்தேன். சுவரில் ஊர்ந்த எறும்பின் காலை எண்ணலாம் போலிருந்தது.

மாமா சுவரைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "முன்னைக்கு இது தெளிவு. ஆனா கொஞ்சம் மங்கல்தான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நம் வேலையை யாராவது குறை சொன்னால் தூக்கம் வராத ஜாதி நான். மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

மாமா அதோடு விடவில்லை. தெருவோரக் கடையில் இரட்டை வெளிச்சம் என்று சொல்லி விற்ற பல்பை வாங்கி மாட்டினார். பல்பு சூட்டில் ஹோல்டர் இளகி, வண்டிக்குள் கருகல் வாடை வந்தது. அதைக் கழற்றிப் பழையபடி மாட்டிக் கொடுத்து, நாலு வார்த்தை கேட்டேன். அடுத்து, எனக்குத் தெரியாமல் தானே திருகைத் திருப்பி விளக்கை மேலே தூக்கினார். அதற்குக் கண்ணாடிக் கடையில் இருக்கும் ஊசி மாதிரி ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்தி, மூன்றை வளைத்திருக்கிறார். இப்போது வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே வருகிறவர்களின் முகத்தில் விழுந்தது. அவர்கள் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுத் திட்டினார்கள். மாமா இதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை. "நம்ம கஸ்டமருங்க. வண்டி தெரிஞ்சு வணக்கம் சொல்றாங்க" என்று அக்காவிடம் சொல்லி, தானும் அணைத்து அணைத்துப் போட்டுப் பதில் வணக்கம் சொன்னார்.

ஒருநாள் விடியற்காலை, ரோட்டோரமாகச் சைக்கிளில் போன பால்காரரின் கைப்பிடியை மாமாவின் காரின் பக்கக் கண்ணாடி உரசிவிட்டது. பால்காரர் விழவில்லை, கேன் மட்டும் உருண்டது. அன்றைக்கு டியூட்டி முடிந்ததும் அக்கா நேராக என் ஷெட்டுக்கு வந்தாள். யூனிஃபார்ம் கூட மாற்றவில்லை.

"டேய், உண்மையைச் சொல்லு. லைட் நல்லா இருக்கா இல்லையா?"

"பிரமாதமா இருக்குக்கா. எதிர்ல வர்றவன்தான் பாவம்."

"அந்த சைக்கிளை நான் வளைவு திரும்பும்போதே பார்த்துட்டேன். இவரு கேன் உருண்ட பிறகுதான் பார்த்தாரு. கேட்டா, திடீர்னு முளைச்சான்னு சொல்றாரு. சைக்கிள் எங்கேயாவது முளைக்குமா?"

"கண்ணைக் காட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். மாசாமாசம் நானே பார்த்துக்கறேன், பழுதே இல்லைங்கறாரு."

அது பொய் இல்லை. மாமா தன் கண்ணைத் தானே பரிசோதிப்பதை நானே பார்த்திருக்கிறேன். மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்காருவார். ஒரு கண்ணைப் பொத்திக்கொள்வார். "படிங்க சார்" என்று தனக்குத்தானே சொல்லுவார். மேலிருந்து கீழ்வரை கடகடவென்று படிப்பார். பிறகு அடுத்த கண். "அருமையா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு இறங்குவார். முப்பது வருஷமாக அதே அட்டை. ஊரார் படிக்கப் படிக்கக் கேட்டவர். தூக்கத்தில் எழுப்பினாலும் கடைசி வரி வரை சொல்லுவார். அது தனக்கு மனப்பாடம் என்பது அவருக்கு மட்டும் தோன்றவே இல்லை. கடைக்கு வந்தவர்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. எது தெளிவு என்று சொல்ல வேண்டியது அவர்கள்தானே.

நான் இதைச் சொன்னதும் யோசித்த அக்கா, மறுநாள் மதியம் டியூட்டி முடிந்து கடைக்கு வந்து, மாமா சாப்பிட எழுந்த நேரத்தில் அட்டையின் கடைசி இரண்டு வரிகளின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டினாள். கை கழுவிவிட்டு வந்தவரிடம், "எங்க, என் முன்னாடி ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க" என்றாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

மாமா உற்சாகமாக ஏறி உட்கார்ந்தார். கண்ணைப் பொத்தினார். படித்தார். கடைசி இரண்டு வரிக்கு வந்தபோது குரலில் ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது. வெறும் வெள்ளைத் தாளை ஓர் எழுத்துக் கூட விடாமல் வாசித்து முடித்தார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அக்கா அவர் கையைப் பிடித்து இறக்கி, அட்டைக்குப் பக்கத்தில் கூட்டிப்போனாள். அவர் முகத்தை அட்டைக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். விரலால் தாளைத் தடவினார். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றார்.

"கோளாறு கண்ணுலதான்னு தெரிஞ்சா வண்டி ஓட்ட விடமாட்டே" என்றார் கடைசியில். "ஆஸ்பத்திரி வேன்ல போயிடுவே. அதான் லைட்டா இருந்துடணும்னு..."

"அந்த வேன் இத்தனை வருஷமா நம்ம தெருமுனையிலதான் வந்து நிக்குது" என்றாள் அக்கா. "காசும் கிடையாது. ஏசி வேற. என்னைக்காவது ஏறியிருக்கேனா?"

நான் ஷெட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வேலை ஒன்றும் இல்லை.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். முற்றியிருந்தது. அக்காவுக்கு இது முன்பே தெரியாதா என்று கேட்டவர்கள் உண்டு. அவள் பிரசவ வார்டு. அங்கே வருகிறவர்கள் அப்போதுதான் கண்ணையே திறக்கிறார்கள்.

ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் நடந்தது. அதுவரை கார் என் ஷெட்டில் நின்றது. அக்கா வேனில் போனாள். மாமாவும் அதே வேனில் ஏறிப் போனார். ஸ்டாஃப் மட்டும்தான் ஏறலாம் என்று டிரைவர் சொல்லிப் பார்த்தார். தான் அதே ஆஸ்பத்திரியின் கண் நோயாளி என்றும், சொட்டு மருந்து விட்டுக்கொள்ளப் போவதாகவும் மாமா சொன்னார். சொட்டு மருந்து வீட்டு அலமாரியில் இருந்தது. தினமும் ஆஸ்பத்திரி வாசல் வரை போய், பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார். பக்கத்து வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது என்பதை வேனில் இருந்த எல்லா நர்சுகளும் தெரிந்துகொண்டார்கள்.

டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொன்ன பிறகு, விளக்கைப் பழைய சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே இறக்கிவைத்து, விடியற்காலையில் காரை நானே வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மாமா லைட்டைப் போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"இது என்ன மாப்பிள்ளே, இப்படிக் கூசுது? எப்ப இவ்வளவு பவர் ஏத்தினே?"

"உங்க கண் ஆபரேஷனுக்கு முன்னாடியே ஏத்திட்டேன் மாமா."

அப்படியா என்று யோசித்தார். "அப்ப அந்த வணக்கம் சொன்னவங்க எல்லாம்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கா கதவைப் பூட்டிவிட்டு, பையோடு ஹெட்லைட் வெளிச்சத்தில் நடந்து வந்தாள். மாமா அவளைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"நீ எப்ப இவ்வளவு நரைச்சே?"

"உங்க பக்கத்துல உட்கார்ந்து போனப்பதான்" என்றாள் அக்கா. "ஏறுங்க, நேரமாச்சு."

மாமா ஏறவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் பட்டுத் துணியை எடுத்து, ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை அவளைப் பார்த்தார். அன்றைக்கு அக்கா டியூட்டிக்குப் போனது தாமதம்தான்.