அண்ணன் பொறுக்கிக் கொடுத்த ஆம்ப்

எங்கள் வீட்டில் கிட்டார் வாசித்தவர் அண்ணன். மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து ஹட்டன், நுவரெலியா என்று கல்யாணங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் போய் வாசித்துவிட்டு வருவார். மற்ற நாட்களில் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அங்கேதான் ஒருநாள் கொழுந்து உருட்டும் ரோலரில் அவருடைய இடது கை மாட்டிக்கொண்டது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் தப்பின. மற்றவை போய்விட்டன. கிட்டாரில் தந்தியை அழுத்துவது இடது கை. வலது கை முழுதாக இருந்து என்ன செய்ய?

அவருடைய எலக்ட்ரிக் கிட்டார் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. ஒருநாள் நான் எடுத்தேன். எடுக்காதே என்று அவர் சொல்லவில்லை. டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. வேலை முடிந்து வந்ததும் கிட்டாரை வீட்டு ரேடியோவில் செருகி, போனில் பாடம் பார்த்து வாசித்துப் பழகினேன். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். நான் பிசகும்போதெல்லாம் "தப்பு" என்பார். அவ்வளவுதான். எது சரி என்று ஒருபோதும் சொன்னதில்லை.

"எங்க தப்புன்னு சொல்லுங்களேன் அண்ணே" என்று ஒருமுறை கேட்டேன்.

"எல்லாந்தான்" என்றார்.

அவருடைய அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பயந்தே நான் நன்றாகப் பழகினேன். 'தப்பு' குறைந்துகொண்டே வந்தது. அது குறையக் குறைய அவர் என்னோடு பேசுவதும் குறைந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

ஹட்டனில் ஒரு கீபோட்காரர் இசைக்குழு வைத்திருந்தார். அண்ணனோடு பல வருடம் வாசித்தவர். கை போன பிறகு ஒரே ஒரு தடவை பார்க்க வந்தார், பழங்களோடு. அடுத்த தடவை என்னைக் குழுவுக்குக் கேட்டு வந்தார். அண்ணன் படுத்திருந்த கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் சொன்னார்:

"பொம்பளப்புள்ள கிட்டார் புடிச்சிக்கிட்டு நின்னா புக்கிங் வரும்மா. பெருசா வாசிக்கணும்னு இல்ல. ஆனா ஆம்ப் அவதான் கொண்டாரணும். எங்கிட்ட உள்ளது பாஸ் கிட்டாருக்கே பத்தல."

அம்மா தேத்தண்ணி கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹட்டனுக்கு ஆம்ப் வாங்கப் போவதற்கு முந்தைய சில வாரங்கள் என் போன் முழுக்க ஆம்ப்தான்; கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டிகள். லயத்து வீட்டில் வாசிக்கப் பத்து வாட்ஸே அதிகம். எங்கள் லயத்தில் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும்; நடுவே உள்ள சுவர் கூரைவரை போகாது; இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். ஆனால் ட்ரம்ஸ் பக்கத்தில் நின்றால் பத்து வாட்ஸ் கொசுச் சத்தம். அதற்கும் இதற்கும் நடுவே ஒன்று வேண்டும். பஸ்ஸில் தூக்கிப் போகிற கனத்தில் வேண்டும். என் கைக்கு எட்டுகிற விலையில் வேண்டும். எட்டங்குல ஸ்பீக்கர் போட்ட இருபது வாட்ஸ் பெட்டி ஒன்றைப் போனில் பார்த்து மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

"நானும் வாரேன். ஒனக்கு என்ன தெரியும்?" என்றார் அண்ணன்.

கை போனதிலிருந்து அவர் ஆஸ்பத்திரிக்குத் தவிர எங்கும் போனதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய கம்பளி ஜம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் வழி முழுக்க இடது கையை ஜம்பர் பையிலேயே வைத்திருந்தார்.

கடை மாடியில் இருந்தது. ஸ்பீக்கர் வாடகைக்கு விடுவதும் பழைய சாமான் வாங்கி விற்பதும்தான் அவர்களுடைய முக்கிய தொழில். கடைக்காரருக்கு அண்ணனைத் தெரியும்.

"கையக் காட்டு பாப்போம்" என்றார். அண்ணன் வெளியே எடுத்தார். கடைக்காரர் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இனி மைக் ஸ்டேண்ட் வேலைக்கு வச்சிக்கலாம். ரெண்டு வெரலு போதும்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். எனக்குத்தான் காது சுட்டது.

நான் என் இருபது வாட்ஸ் பெட்டியைக் காட்டினேன். அண்ணன் காலால் அதைத் தள்ளினார்.

"இது குளிக்கிற எடத்துல வச்சுப் பாடத்தான் சரி. அந்தா இருக்கு பாரு, அதுதான் ஆம்ப்."

மூலையில் ஒரு பெரிய பழைய பெட்டி இருந்தது. பன்னிரண்டங்குல ஸ்பீக்கர், துணி ஓரத்தில் கொஞ்சம் பிரிந்திருந்தது. அண்ணன் கிட்டார் ஒன்றைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீ தந்தியில கோட் புடி. நான் அடிக்கிறேன்."

அவருடைய வலது கையும் என்னுடைய இடது கையுமாக ஒரே கிட்டாரை வாசித்தோம். அந்தச் சத்தம் கடையை நிறைத்தது. கனமும் இனிப்புமான சத்தம். அவருடைய தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அழுதுவிடுவேன் போல இருந்தது. ஒரு பாட்டுப் பாதி தூரம்கூடப் போகவில்லை, அண்ணன் சுவிட்சை அணைத்துவிட்டார்.

"போதும். இதையே எடு."

கடைக்காரர் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெட்டியைக் கட்டக் கயிறு எடுக்கப் போனார்.

வீட்டில் அதைச் சத்தமாக வைக்க முடியாது. "பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, கொறச்சே வையி. கொஞ்ச நேரம் வாசிச்சிட்டு ஆப் பண்ணிரு. பழைய சாமான்" என்று அண்ணன் அக்கறையாகச் சொன்னார். அப்படியே செய்தேன். அந்த நாட்களில் அவர் 'தப்பு' சொல்லவேயில்லை.

முதல் கல்யாணம் ஹட்டனில் ஒரு ஹோலில். அண்ணனும் வந்தார். புதுச் சட்டை, முகத்தை வழித்து, எண்ணெய் வைத்து. அம்மா எங்கள் இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாக இருந்தது. மேடைக்குக் கீழே பிள்ளைகள் வந்து நின்று என் கையையே பார்த்தார்கள். மூன்றாவதோ நான்காவதோ பாட்டில் கிட்டார் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. எல்லோரும் நிறுத்தி எனக்கு இடம் விட்டார்கள். வாசிக்கத் தொடங்கினேன். பெட்டி கரகரத்தது. சத்தம் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கிப் போய் நின்றுவிட்டது. ஹோல் முழுக்க என் விரல்கள் வெறுந்தந்தியில் உரசும் சத்தம் மட்டும்.

வயரைப் பிடுங்கிச் செருகினேன். குமிழ்களைத் திருகினேன். ஒன்றும் இல்லை. கீபோட்காரர் மைக்கை எடுத்தார்.

"மன்னிக்கணும். எங்க கிட்டார் தங்கச்சிக்கு வெக்கம் வந்திருச்சு. இனி அவங்க சும்மா நின்னு அழகு காட்டுவாங்க. பாத்துக்கங்க."

ஹோலே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தார். பெண் மாலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் இறங்கப் போனேன். கீபோட்காரர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "எறங்குன, இனி வராத. வாசிக்கிற மாதிரி நில்லு" என்றார்.

நின்றேன். சாப்பாட்டு நேரம் வரைக்கும் சத்தமில்லாத கிட்டாரை வாசித்தேன். வீடியோ எடுப்பவர் கிட்டத்தில் வந்து என் விரல்களை எடுத்தார். பின்வரிசை மேசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் முழுக் கையையும் அரைக் கையையும் சேர்த்துத் தட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் கீபோட்காரர் பெட்டியின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். பின்பக்கம் திருப்பினார். அங்கே சிகரெட் சுட்ட ஒரு தழும்பு இருந்தது.

"இத எங்க புடிச்ச? இது நுவரெலியா ஹோட்டல்ல நாங்க வாசிச்ச பொட்டியாச்சே. சூடானா செத்துரும். ஆறுனா திரும்ப வரும். எத்தன பேரு திருத்திப் பாத்தாங்க, சரிவரல."

"அண்ணன்தான் எடுக்கச் சொன்னாரு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாகக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. "ஒங்கண்ணன்தானே அங்க இதுல வாசிச்சான்" என்றார்.

பெட்டியைத் தோளில் வைத்து பஸ் நிற்கும் இடத்திலிருந்து படிக்கட்டில் ஏறினேன். அண்ணன் எனக்கு முன்னால் கைவீசி நடந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு கேட்டேன்.

"தெரிஞ்சுதானே எடுக்கச் சொன்னீங்க?"

"ஆமா."

"ஏண்ணே?"

அவர் சட்டையை ஒரு கையால் கழற்றிக்கொண்டிருந்தார். பொத்தான் ஒன்று வரவில்லை. அதோடு போராடிக்கொண்டே சொன்னார். "வாசிச்சிக்கிட்டு இருக்கும்போதே நின்னு போனா எப்பிடி இருக்கும்னு ஒனக்கும் தெரியட்டுமேன்னுதான். ஒனக்கு ஒரு மத்தியானம். எனக்கு?"

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. நினைவிருப்பது அம்மா சொன்னதுதான்: "அவன் கையப் பாத்துட்டுப் பேசுடி. ஒனக்கு பத்து வெரலும் இருக்கில்ல?"

அடுத்த வாரம் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோனேன். கடைக்காரர் பாதி விலைக்குத்தான் எடுப்பேன் என்றார்.

"ஒங்களுக்கும் தெரியும்தானே?"

"தெரியும். வீட்டு ஆளே சொல்லும்போது நான் எதுக்கு நடுவுல? கவலப்படாத, இதுக்கு இன்னொருத்தன் வருவான்."

இந்தத் தடவை நானே பார்த்து எடுத்தேன். அதே இருபது வாட்ஸ் பெட்டி. கடையில் ஒரு மணிநேரம் நிறுத்தாமல் வாசித்தேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தும் நிறுத்தவில்லை. பின்பக்கம், கல்யாண ஹோலின் பெரிய ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்பும் மிக்ஸருக்கு வயர் கொடுக்க ஒரு துளை இருந்தது. மிக்ஸருக்குப் போய்விட்டால் பெட்டி எவ்வளவு சின்னது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஹெட்போன் செருகவும் ஒரு துளை இருந்தது. ஒரு மலிவு ஹெட்போனும் வாங்கினேன்.

ஹெட்போனைப் பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்துத்தான் வாங்கினேன். முதல்நாள் அதை மாட்டிக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தபோது அண்ணன் வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பினார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். அவருக்குக் கேட்டிருக்கக்கூடியது தந்தியில் நகம் உரசும் சத்தம் மட்டும். அவருடைய வாய் அசைந்தது. நான் ஹெட்போனைக் கழற்றவில்லை.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். அவருடைய கட்டிலுக்கு எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாசித்தேன். வேறு இடம் இல்லாமல் இல்லை. குழுவிலும் தொடர்ந்தேன். கீபோட்காரர் இப்போதெல்லாம் மைக்கில் என்னைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. தனி வாசிப்பு முடிந்ததும் எத்தனை பேர் கை தட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறார்.

ஒரு மழைநாளில் அண்ணன் கிட்ட வந்து என் காதிலிருந்து ஹெட்போனை ஒரு பக்கம் மெல்ல விலக்கினார்.

"கொஞ்ச நேரம் வெளிய போடேன். தப்பு சொல்ல மாட்டேன்."

"கரண்ட் கொறவா இருக்குண்ணே" என்றேன். பல்பு அவருடைய தலைக்கு மேலே பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அண்ணன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் காவலாக இருக்கிறார். அவர் போன அன்று சாயங்காலமே நான் சத்தமாக வாசித்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டு, மாதா பாட்டு தெரியுமா என்று கேட்டார். வாசித்தேன்.

"அவன் இருக்கும்போது வாசிச்சிருக்கலாம்" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

"வாசிச்சேனேம்மா. தெனமும்தானே வாசிச்சேன்."

பெருநாள் லீவுகளுக்கு அவர் வீட்டுக்கு வருவார். எனக்கு எப்போதும் ஏதாவது வாங்கி வருவார். போன தடவை ஒரு நல்ல கிட்டார் பெல்ட். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அதை மாட்டிக்கொண்டு, ஹெட்போனைச் செருகி, அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.