ஞாயிற்றுக்கிழமை நிற்கும் மோட்டார்

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னமும் காலையில் எழுந்ததும் என் வலது கை சமையலறைக் கதவோரச் சுவரைத் தடவுகிறது. ஊரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் மோட்டார் சுவிட்சு அங்கேதான் இருக்கும்; இங்கே அது கிடையாது. இந்த நாட்டில் யாரும் மோட்டார் போடுவதில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது, அவ்வளவுதான். தொட்டி நிறைந்து வழிகிறதே என்று யாரும் யாரையும் திட்டுவதில்லை. வந்த புதிதில் ஆச்சரியம் தாங்காமல், எங்கள் குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டரிடம் அரைகுறை ஜெர்மனில், “காலையில் மோட்டார் போடுவது யார்?” என்று கேட்டுவிட்டேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. ஏழு மணிக்கு முன்னால் இங்கே யாரும் எந்த மோட்டாரையும் ஓட்டக்கூடாது, சத்தம் கேட்டால் எழுத்தில் புகார் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பக்கத்து வீட்டுக்காரரைப் போட்டுக்கொடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அகராதியில் மோட்டார் என்பது ஒரு எந்திரம். எங்கள் கிணத்துக்கடவில் அதை வைத்துத்தான் ஆளையே எடை போடுவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் கையில் வாங்கும் முன்பே “தோட்டத்துல எத்தன மோட்டாருங்க?” என்று கேட்பார்கள். “அவரு மோட்டாருக்குப் போயிருக்காருங்க” என்றால் ஆள் தோட்டத்தில் இருக்கிறார் என்று அர்த்தம், சும்மா படுத்திருந்தாலும் சரி. பிடிக்காத விருந்தாளி பேச்சை இழுத்தால், “கரண்ட் வந்துருச்சுங்க, மோட்டார் போடோணும்” என்று பாதியில் எழுந்து போகலாம். மாமியாரே வந்திருந்தாலும் கோபித்துக்கொள்ள முடியாது.

என் அப்பா முப்பது வருஷம் அடுத்தவர்களுடைய மோட்டாரைப் போட்டு நிறுத்தியவர். தோட்டக் கூலி. நான் வேலைக்கு வந்த பிறகுதான் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பும், அதன் கோடியில் ஒரு கிணறும், எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு மோட்டாரும் வந்தன. முதல் தடவை அதைப் போட்ட அன்று அப்பா பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து மந்திரித்த தண்ணீர் தெளிக்கச் சொன்னார். மோட்டார் நனைந்துவிடுமே என்று அவரே குறுக்கே நின்று பாதித் தண்ணீரைத் தன் சட்டையில் வாங்கிக்கொண்டார்.

அம்மா போன பிறகு அப்பா தனி ஆள். முழங்கால் வலி வேறு. கரண்ட் வரும்போதெல்லாம் தோப்புக் கோடிக்கு நடக்க வேண்டாமே என்று போன தடவை போனபோது சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் ஒன்றை மாட்டிவிட்டு வந்தேன். போன் செய்து ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். அப்பா அதைத் தொடவே மாட்டேன் என்றார். “எனக்கு அந்த நம்பரெல்லாம் அமுத்தத் தெரியாது கண்ணு. நீயே போட்டுரு.” அதனால் தினமும் அங்கே பத்து மணி, இங்கே நான் பல் துலக்கும் நேரம், ஜெர்மனியிலிருந்து கிணத்துக்கடவில் மோட்டார் போட்டேன். உடனே அப்பா கூப்பிடுவார். “தண்ணி வந்துருச்சு. நீ வேலைக்குப் போ சாமி.” இரண்டு நிமிஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வம்பு. அப்பா பூசைக்குப் போய் வந்த கொஞ்ச நேரத்தில் மோட்டார் நின்றுவிடும். ஸ்டார்ட்டரிலிருந்து ஒரு பெண் குரல் என்னைக் கூப்பிட்டு, “மோட்டார் நின்றுவிட்டது” என்று பாடப்புத்தகத் தமிழில் துக்கம் சொல்லும். மறுபடி போடுவேன். மறுபடி நிற்கும். மூன்று தடவை, நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் என்ன ஆச்சு என்று அப்பாவிடம் விசாரித்தால், வோல்டேஜில் ஆரம்பித்து ஊர்க் கல்யாணம் வரைக்கும் பேச்சு போகும். இங்கே எனக்குச் சம்பளமே எந்திரங்கள் ஏன் நிற்கின்றன என்று கண்டுபிடிப்பதற்குத்தான். பேரிங்காக இருக்குமோ, உள்ளே காயில் சுற்று சூடாகிறதோ என்று தாளில் படம் போட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை. கடைசியில் அலுத்துப்போய், “தோப்பைக் குத்தகைக்கு விட்டுட்டு அத்தை ஊட்டுக்குப் போயிருங்கப்பா. இந்த வயசுல இந்த மோட்டாரோட மல்லுக்கட்ட வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். அப்பா பட்டென்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு, குத்தகைக்கு விடுவதற்கு முன் ஒரு தடவை பார்க்கட்டும் என்று மெக்கானிக் செல்வராஜ் அண்ணனை அப்பாவுக்குச் சொல்லாமல் அனுப்பினேன். மத்தியானம் கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மணி, மோட்டார் தங்கமாட்டம் இருக்குதுங்க, ஒரு பழுதும் இல்லீங்க.”

“அப்புறம் எப்படீங்ண்ணா நிக்குது?”

“உங்கப்பாதானுங்க, நான் நிக்கறது தெரியாம மோட்டார் ரூமுக்கு நொண்டி நொண்டி வந்து செவப்புப் பட்டன அமுத்துனாரு. அமுத்திப்போட்டு, போனக் கையில வெச்சுட்டு அங்கயே உக்காந்துட்டாருங்க.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நடக்க வேண்டாம் என்று நான் மாட்டிய எந்திரத்தை நிறுத்த, அந்தக் காலோடு தோப்பு முழுக்க நடந்திருக்கிறார். குத்தகை என்று நான் சொன்ன பிறகும் நடந்திருக்கிறார்.

குத்தகைப் பேச்சை அன்றோடு விட்டேன். கண்டுபிடித்ததை அப்பாவிடம் சொல்லவும் இல்லை. அடுத்த ஞாயிறு, மோட்டாரைப் போடாமல் நேராக அவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். முடிக்கும்போது, “மோட்டார் போடட்டுமாப்பா?” என்றேன்.

“அது அப்பவே நானே போட்டுப்போட்டேன் கண்ணு. ஒண்ண அமுத்துனா ஓடுது, ரெண்ட அமுத்துனா நிக்குது. இதுல என்ன இருக்குது? இனி தினமும் நானே போட்டுக்கறேன்.”

நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் முழுக்கப் பல் துலக்கும்போது கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. இங்கேயும் மோட்டார் இல்லை, அங்கேயும் இல்லை என்றால் நான் எந்த ஊர்க்காரி?

இன்றைக்கு ஞாயிறு. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கிணத்துக்கடவுக் கிணற்றுக்குப் போன் போட்டு இரண்டை அழுத்தினேன். ஐந்து நிமிஷத்தில் அப்பா கூப்பிட்டார்.

“ஏங்கண்ணு, மோட்டார் நின்னுபோச்சாட்ட இருக்குது?”

“அப்படீங்களாப்பா? ஏன்னு தெரியலீங்களே. லைன்லயே இருங்க, பாக்கறேன்.”

“செரி செரி, நீ மெதுவாவே பாரு” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குக் கேட்டது. இங்கே நான் மூட மறந்த குழாயில் தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஓட வேண்டிய தண்ணீருக்கு நான் இன்னும் ஒன்றை அழுத்தவில்லை.