சுவர் வழியே வந்த கதை

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு நடுவே புத்தகக் கடை வைத்த புத்திசாலி நான். புடவை எடுக்க வருகிறவர்கள் மழைக்கு ஒதுங்குவார்கள், அவ்வளவுதான். கடையை மூடிவிட்டு மேட்சிங் ப்ளவுஸ் துணி போடலாம் என்றாள் என் மனைவி. சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தலையாட்டினேன். அதற்குள் கொரோனா வந்தது. நான் மூடுவதற்கு முன்பே அரசாங்கம் மூடிவிட்டது.

ஒருநாள் நெசவாளர் தெருவிலிருந்து ஒரு பெண் போன் செய்தார்.

"அண்ணா, தடியா ஒரு கதை புக்கு இருக்குதா? டிவி போட்டா எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு அங்க போவுது, ஜரிகை தப்பாப் பூடுது. நான் சத்தமாப் படிச்சிக்கினு இருந்தா அவரு பாட்டுக்கு நெய்வாரு."

காய்கறி வாங்க விட்ட நேரத்தில் ஒரு ராஜா ராணி கதையைக் கத்தரிக்காய்ப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சில நாளில் பக்கத்து வீட்டு நெசவாளர் கூப்பிட்டார். "அவங்க படிக்கிறது சுவத்துக்கு இந்தாண்ட எங்களுக்கும் கேக்குது சார். எங்க தறி ஓடும்போதுதான் காதுல விழல. பாதிக் கதை பூடுது. அதே புக்கு வேணும்."

ஒரே கதையைத் தெருவே எதற்குப் படிக்க வேண்டும்? மேதாவித்தனமாக, அதைவிட உயர்ந்தது என்று நான் நினைத்த நாவல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று மாலையே அவர் மனைவி போனில் பிடிபிடியென்று பிடித்தார்.

"இத யாரு சார் கேட்டது? அந்த ராணி ஜெயில்ல கெடக்கிறா. வெளிய வந்தாளா இல்லியான்னு தெரியாம இங்க சோறு எறங்கல!"

மறுநாளே அதே புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. அங்கெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். இருந்த பிரதிகள் தீர்ந்து, லாரி ஓடத் தொடங்கியதும் சென்னையிலிருந்து கட்டுக்கட்டாக வரவழைத்தேன். அத்தனை சந்தோஷம் எனக்குக் கடை திறந்த அன்றுகூட இருந்ததில்லை.

புத்தகம் கொடுக்க நான் தெருத்தெருவாகப் போகும்போது போனை எடுப்பது மனைவிதான். "அடுத்து எது நல்லாயிருக்கும்கா?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. அதுவரை புத்தகத்தைத் தூசி தட்ட மட்டுமே தொட்டவள், படிக்க உட்கார்ந்தாள்.

ஊரடங்கு தளர்ந்ததும், அலமாரிகளைக் கழற்றத் தச்சர் வந்து நின்றார். முன்பே சொல்லிவைத்தது. ஒப்புக்கொண்டவன் நான், எந்த முகத்தோடு வேண்டாம் என்பது?

மேசைக்குப் பின்னாலிருந்து மனைவி, படித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கழட்ட வாணாம்பா. அந்தச் சுவத்துல இன்னும் ரெண்டு தட்டு அடி. எடம் பத்தல."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். தச்சர் என்னைப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அவங்க சொல்றபடி செய்ப்பா" என்றேன்.