அசையாமல் இருங்கோ அக்கா

யுத்தம் முடிவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கு முன்னர் நடந்தது இது. சம்பூரில் இருந்து ஓடிய சனம் வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைக்கழிந்து, கடைசியில் கிளிவெட்டியில் தகரக் கொட்டில்களில் கொண்டுவந்து விடப்பட்டிருந்த காலம். நான் திருகோணமலை நகரத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனத்தைப் பற்றி ஒரு பத்து நிமிடப் படம் எடுக்க, உதவி நிறுவனம் ஒன்று என்னைப் பிடித்தது. கொழும்பில் இருந்து ஒரு டிஜிட்டல் கமராவையும் அனுப்பி வைத்தார்கள். முன்னால் பெரிய சினிமா லென்ஸ் பூட்டியது. ஆளின் முகம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், பின்னால் இருப்பதெல்லாம் மங்கிப் போகும். பார்த்தவுடனே எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியொன்றைக் கையில் தொடுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

முதல் தடவை எடுத்து அனுப்பி நாலாம் நாள் அந்த நிறுவனத்துப் பெண் கொழும்பில் இருந்து தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

“முகம் ஒண்டுமே தெளிவில்லை. பின்னால கட்டியிருக்கிற தறப்பாள்ல எத்தனை ஓட்டை எண்டு மட்டும் எண்ணலாம். நீங்கள் ஆளை எடுத்தனீங்களா, தறப்பாளை எடுத்தனீங்களா?”

கமராவில்தான் பிழை என்று சொன்னேன். பிழை என்னில்தான். கல்யாண வீட்டில் நான் பாவித்த சின்னக் கமரா எல்லாவற்றையும் தானாகவே தெளிவாக எடுத்துவிடும். இந்த லென்ஸில் அப்படியில்லை. லென்ஸைச் சுற்றியிருக்கிற வளையத்தைக் கையால் திருப்பித்தான் தெளிவைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தாலும் நாலு விரல் அகலத்துக்குத்தான் அது நிற்கும். ஆள் கொஞ்சம் முன்னால் சரிந்தால் போச்சு. எடுக்கும்போது பார்க்கிற கையளவு திரையில் எல்லாம் வடிவாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியில் போட்டால்தான் வண்டவாளம் தெரியவரும்.

ஒரு கிழமை வீட்டு முற்றத்தில் பழகினேன். மனைவியைக் கிணற்றடியில் இருந்து குசினி வாசல் வரைக்கும் நடக்கச் சொல்லி, நடக்க நடக்க வளையத்தைத் திருப்பினேன். பத்தாவது நடையில் அவள் வாளியைக் கீழே போட்டுவிட்டாள்.

“உங்களுக்கு நான் தெளிவாத் தெரியிறதுக்கு இன்னும் எத்தினை தரம் நடக்கோணும்? கலியாணம் கட்டி ஆறு வருசமாச்சு!”

அவளுக்கு வந்த எரிச்சலில் பாதி எனக்கும் இருந்தது. நடக்கிற ஆளைப் பிடிக்க என்னால் ஏலாது என்று முடிவுகட்டினேன். அசையாமல் இருக்கிற ஆளை எடுத்தால் போதும், பிரச்சினை தீர்ந்தது. இதுதான் எனக்கு வந்த பெரிய யோசனை.

இரண்டாம் தடவை போன நாள் விடியவே சனி பிடித்துவிட்டது. மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகு ஏறுகிற இறங்குதுறையில் சோதனை. கமராவுக்கு நிறுவனம் தந்த கடிதத்தை நீட்டினேன். லென்ஸைத் தனியாகக் கழற்றிப் பொதி பண்ணியிருந்தேன். சிப்பாய் கடிதத்தைப் பார்த்தான், பொதியைப் பார்த்தான்.

“ஒரு கமரா எழுதியிருக்கு. இது ரெண்டு.”

இரண்டும் சேர்ந்துதான் ஒன்று என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நம்பவில்லை. அவன் முன்னால் பூட்டிக் காட்டினேன். தன் மேலதிகாரி ஒருவரைக் கூட்டிவந்தான். அவருக்காகக் கழற்றி, திரும்பவும் பூட்டிக் காட்டினேன். அதற்குள் லோஞ்ச் போய்விட்டது. அடுத்ததில் ஏறி, மூதூரில் இறங்கி, பஸ்ஸில் நின்றபடி கிளிவெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தகரக் கூரைகள் கொதித்துக்கொண்டிருந்தன. எனக்கும் உள்ளுக்குள் கொதித்தது.

அன்று நான் எடுக்க வேண்டியிருந்தது ஒரு அக்காவை. நாற்பத்தைந்து வயது இருக்கும். சம்பூரில் மாடு வளர்த்த குடும்பம். ஷெல் விழத் தொடங்கி எல்லோரும் ஓடியபோது, பாதி வழியில் கணவர் நின்றுவிட்டாராம். பட்டியில் மாடுகள் கட்டியபடி நிற்கின்றன, கட்டிய கயிற்றோடேயே நின்று செத்துப்போகும், அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவர்தான். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை.

இதை அவ சொல்லும்போது உடம்பை முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டிச் சொன்னா. பிள்ளையை மடியில் வைத்து ஆட்டுகிற மாதிரி. மடியில் ஒன்றும் இல்லை. முன்னால் வந்தால் மங்கல், பின்னால் போனால் மங்கல், இடையில் ஒரு கணம் மட்டும் முகம் பளிச்சென்று வந்து போகும். அவ முழுக்கச் சொல்லி முடித்தா. அப்போது எனக்கு அந்தக் கதை ஒரு காதில்கூட ஏறவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. என் கண் அந்தக் கையளவு திரையிலேயே இருந்தது.

“அக்கா, ஆடாமல் ஒருக்கா சொல்லுங்கோ.”

“ஓம் தம்பி,” என்றா. தொடங்கினா. “மாட்டை அவிழ்த்துவிட்டிட்டு வாறன் எண்டவர்…” அந்த இடம் வந்ததும் ஆட்டம் தொடங்கிவிட்டது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. குரலை உயர்த்தினேனா என்று இப்போது நினைவில்லை. உயர்த்தியிருப்பேன். ஒரு கதிரையைக் கேட்டு வாங்கி, கொட்டிலைத் தாங்கிநின்ற மரக்கப்போடு ஒட்டிப் போட்டு, அவவை அதில் இருத்தினேன்.

“முதுகைக் கப்பில இருந்து எடுக்கப்படாது. அசையாமல் இருங்கோ அக்கா. திரும்பவும் சொல்லுங்கோ.”

அவ அசையவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க இருக்கிறவர்கள் மாதிரி இருந்தா. “மாட்டை அவிழ்க்கப் போனவர். வரேல்ல,” என்றா. அவ்வளவுதான்.

திரையில் பார்க்கிறேன், என்ன துல்லியம்! கண் இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. மூக்குத்தித் துவாரத்தில் செருகியிருந்த வேப்பங்குச்சி தெரிகிறது. எனக்குப் பிடிபடாத சந்தோசம்.

“இதுதான் அக்கா! சுப்பர். இப்பிடியே இருந்துகொண்டு முழுக்கச் சொல்லுங்கோ.”

நான் வளையத்தில் கையை வைத்தபடி காத்திருந்தேன். அவ கமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னா:

“தம்பி, உங்களுக்காக அந்த மனுசனை மூண்டு தரம் திருப்பி அனுப்பிப்போட்டன். நாலாந்தரமும் அனுப்ப என்னால ஏலாது.”

வெளியே தண்ணீர் பவுசர் லொறி வந்து ஹோர்ன் அடித்தது. அவ எழும்பி, இரண்டு பிளாஸ்டிக் கானையும் எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டா. ஆளில்லாத கதிரையை என் கமரா துல்லியமாக எடுத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது லோஞ்சில் கமராப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கடிதத்தையும் சிப்பாயையும் லென்ஸையும் வெயிலையும் காலையில் இருந்து திட்டிக்கொண்டு வந்த எனக்கு, இப்போது திட்டுவதற்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.

அவ சொன்ன மூன்று தடவையையும் கொழும்புக்கு அனுப்பினேன். முதலில் சொன்னதுதான் உண்மையான கதை, மங்கலாக இருந்தாலும் அதையே போடுங்கள் என்று தொலைபேசியில் கெஞ்சினேன். “மங்கலைப் போட ஏலாது. மூண்டாவது நல்லாயிருக்கு, அதைப் போடுறம்,” என்றார் அந்தப் பெண். அப்படியே போட்டார்கள். ஒரு மனுசியின் வாழ்க்கை ஐந்து செக்கனில் வந்து போனது. படம் அருமை என்று எனக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. மேசை லாச்சியை இழுத்து அதன் அடியில் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து வேறு நாலு பேரை எடுக்க மறுபடியும் கிளிவெட்டிக்குப் போனேன். அந்தக் கொட்டில் வரிசைப் பக்கம் போகாமல் வேலையை முடித்துவிட்டு வரத்தான் பார்த்தேன். ஆனால் அவவே தேடி வந்துவிட்டா.

“தம்பி, மாட்டைப் பற்றி மட்டும் சொன்னா எடுப்பீங்களோ?”

“உங்களுக்கு விருப்பமெண்டா எடுப்பன் அக்கா,” என்றேன்.

கதிரை கேட்கவில்லை. அவ மண்ணில் இருந்தா. நானும் எதிரே மண்ணில் இருந்து, முழங்காலில் கமராவை வைத்துக்கொண்டேன். பதினொரு மாடாம். அதில் ஒரு சிவலைப் பசு அவவையே கிட்ட அண்ட விடாதாம், உதைக்குமாம். கணவர் போய்க் கழுத்தைத் தடவினால்தான் கறக்க விடுமாம். “எனக்கு அதோட ஒரு சக்களத்திப் போராட்டம்,” என்று சொல்லிச் சிரித்தா. சிரித்தபடியே ஆடினா. அவ முன்னால் வர நானும் வளையத்தை ஒரு நூல் திருப்பினேன், பின்னால் போக மற்றப் பக்கம் ஒரு நூல். சில இடத்தில் பிடிபட்டது, பல இடத்தில் தவறிப் போனது. கன இடத்தில் நான் திரையை விட்டு அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். இந்த முறை கதை முழுக்க என் காதில் ஏறியது.

முடித்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டா: “வடிவா வந்ததோ? இல்லையெண்டா இன்னொருக்கா சொல்லவோ?”

“வேண்டாம் அக்கா. எல்லாம் வந்திட்டுது,” என்றேன். அது உண்மையா என்று நான் பார்க்கவே இல்லை.

பிறகு அந்தப் பக்கம் போகிற வேலை எனக்கு வாய்க்கவில்லை. அவவின் கணவர் வந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது வருகிற கமராக்கள் கண்ணைத் தேடித் தானாகவே பிடித்துக்கொள்கின்றன, ஆள் ஓடினாலும் விடுவதில்லை. ஆனாலும், மனம் நொந்து கதை சொல்லுகிற ஒருவருக்கு முன்னால் கமராவோடு இருக்கிற ஒவ்வொரு தடவையும், இந்த மனுசர் எனக்காக யாரை எங்கே திருப்பி அனுப்புகிறார் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் இன்றைக்கும் என் கை பதிவுப் பொத்தானுக்குப் போகிறது.