கெர்னலுக்குப் புரூஃப் பார்த்தது

காலை ஒன்பதே காலுக்கு அச்சகத்துக் கதவைத் தள்ளியபோது முதலில் கண்ணில் பட்டது, என்னை நோக்கி வந்துகொண்டிருந்த தாள். இரண்டு ஓரமும் துளையிட்ட தொடர்தாள். உள்ளே மேசை மேலிருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, வாசற்படிக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. முதலாளி அண்ணாச்சி அதன் முனையைக் காலால் மிதித்து நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவகாசியில் அது சீசன் நேரம். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் எண் சீட்டுகளை அடிப்பதற்கு ஒரு பழைய கம்ப்யூட்டரை ஒதுக்கி, இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல இயங்குதளம் ஒன்றை அதில் போட்டிருந்தேன். மதுரையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்துவிட்டு, அந்த அச்சகத்தில் புரூஃப் ரீடராகச் சேர்ந்தவன் நான். கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் பார்ப்பதும் என் பொறுப்பு. முந்தின நாள் மாலை, அதோடு வந்த விளக்க ஆவணத்தில் சொல்லியிருந்தபடி பிரிண்டருக்கான ஓர் அமைப்பை மாற்றிவிட்டுப் போயிருந்தேன். காலை வேனில் ஆமத்தூரிலிருந்து வந்த டைப்செட்டிங் அக்கா வழக்கம்போல ஸ்விட்சைப் போட்டிருக்கிறார்.

இயங்குதளத்தின் உள்மையத்துக்குக் கெர்னல் என்று பெயர். அதோடு வருவதுதான் அந்த விளக்க ஆவணம். பிரிண்டர் தயாராகும்வரை காத்திரு என்பதற்குச் சுழியம், காத்திருக்காதே என்பதற்கு ஒன்று என்று அதில் இருந்தது. கெர்னலின் நிரலையே திறந்து பார்த்தேன். அங்கே நேர்மாறாக இருந்தது. சுழியம் கொடுத்ததால் கம்ப்யூட்டர் எதற்கும் காத்திருக்காமல் அனுப்பித் தள்ள, எழுத்துகள் வழியில் தொலைந்து தாள் மட்டும் நகர்ந்திருக்கிறது. ஒன்று என்று மாற்றியதும் சீட்டு ஒழுங்காக வந்தது. அண்ணாச்சி காலை எடுத்தார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பிழையைப் பார்த்துவிட்டுத் திருத்தாமல் போவது எனக்குப் பழக்கமில்லை. அந்த ஆவணத்தை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்திருந்தது. எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த முறையில் செய்தேன். பக்கத்தை அச்செடுத்து, சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் புரூஃப் குறிகள் போட்டு, சாமி படங்களை ஸ்கேன் செய்யும் பெரிய ஸ்கேனரில் வைத்து, கெர்னல்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். கோப்பு மிகப் பெரியது என்று திரும்பி வந்தது. சின்னதாக்கி மறுபடி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒருவர் மிக மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார். திருத்தங்களைப் படமாக அனுப்பக் கூடாது. பழைய வரிக்கு முன்னால் கழித்தல் குறியும் புதிய வரிக்கு முன்னால் கூட்டல் குறியும் இட்டு வெறும் எழுத்தாக அனுப்ப வேண்டும். கடைசியில் ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார்: தாளின் உச்சியில் சிவப்பாகச் சுழித்திருக்கிறதே, அந்தத் திருத்தம் எந்த வரிக்கு?

அது பிள்ளையார் சுழி. எங்கள் அச்சகத்தில் புரூஃப் தாளில் முதலில் அதைத்தான் போடுவோம்.

அக்கா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, இங்கன இருக்க பிழைய விட்டுட்டு அங்கன இருக்க பிழையில்ல பாக்கீக" என்றார். நியாயம்தான். அவருடைய மேசையில் எனக்காக மூன்று காலண்டர் புரூஃப் கிடந்தது.

கூட்டல் கழித்தலோடு புதிதாக எழுதினேன். அடியில், இந்தத் திருத்தத்துக்கு நான் பொறுப்பு என்று பெயர் போட்டு ஒப்பமிடும் வரி வேண்டும் என்பது அவர்கள் விதி. அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார்.

"கீழ யாரு பேருலே அது?"

"என் பேருதான் அண்ணாச்சி."

"எந்த அட்ரஸ்ல இருந்து போவுது?"

கம்பெனி மெயிலிலிருந்து என்றேன். அண்ணாச்சி மெதுவாக உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த இடம் முக்கியமானது. அது நாற்காலி இல்லை, காலண்டர் கட்டு. மல்லாங்கிணறு ஜவுளிக்கடை ஒன்றுக்கு அடித்த காலண்டரில் செப்டம்பருக்கு முப்பத்தொரு நாள் போட்டிருந்தோம். லோடு அப்படியே திரும்பி வந்தது. புரூஃபில் ஓகே எழுதிக் கையெழுத்திட்டவர் அண்ணாச்சி. எங்கள் தொழிலில் கையெழுத்து யாருடையதோ, லோடு அவர் வாசலுக்குத்தான் வரும். அன்றிலிருந்து வருகிறவர்கள் உட்கார அந்தக் கட்டுகள்தான்.

"பிழையாப் போச்சுன்னா அம்புட்டு ஊருல இருந்தும் லோடு நம்ம வாசலுக்கு வரும்லே. எங்கன இறக்குவ?"

இதில் தாளே கிடையாது, திரும்பி வர எதுவும் இல்லை என்று விளக்கினேன். தாள் இல்லாத ஆவணத்தை அவர் நம்பவில்லை. வாசல்வரை வந்த தாளைத் தன் காலாலேயே மிதித்தவர் அவர்.

"வரட்டும் அண்ணாச்சி, இன்னும் நாலு பெஞ்சு ஆச்சு" என்றார் அக்கா, திரும்பாமலே.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. தானே பார்க்காமல் அது வெளியே போகக் கூடாது என்றார். மறுத்தால் இணைய வயரைப் பிடுங்கிவிடுவார்; என் திருத்தம் அதோடு முடிந்தது. ஆகவே புரூஃப் பார்க்கும் முறைப்படியே பார்த்தோம். அக்கா ஆவணத்தை உரக்க வாசித்தார், ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாக, சாமி முன்னால் போற்றி சொல்லும் தாளத்தில். நான் நிரலை வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். அண்ணாச்சி பிரிண்டர் அருகில் நின்றார். ஒன்று போட்டேன், சீட்டு வந்தது. சுழியம் போட்டேன், வெள்ளைத் தாள் கிளம்பியது. அண்ணாச்சி அதன் கூடவே வாசல்வரை நடந்தார், பெண்ணழைப்புக்குப் போகிறவர் மாதிரி. சந்தேகம் தீராமல் இன்னொரு முறை ஓட்டச் சொல்லி இன்னொரு முறையும் நடந்தார். பக்கத்து பைண்டிங் பட்டறையிலிருந்து இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

"பொய்தாம்லே எழுதியிருக்கான்" என்று அண்ணாச்சி வாசலிலிருந்து தீர்ப்புச் சொன்னார். "அனுப்பு."

அனுப்பினேன். அடுத்த சில வாரங்கள் அண்ணாச்சி தெருவில் எந்த லாரி நின்றாலும் எழுந்து போய்ப் பார்த்தார்.

பிறகு ஒருநாள், திருத்தம் சேர்க்கப்பட்டதாக மெயில் வந்தது. அது கை மாறி மேலே போகப்போக ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் இட்டிருந்தார்கள். என் பெயருக்குக் கீழே மூன்று பெயர்கள். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் விரல் வைத்துப் பார்த்தார். அவர் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

"நாலு பேரு போட்டிருக்காக. லோடு வந்தாலும் நாலாப் பிரிச்சு இறக்கிக்கிடலாம். விவரமானவுகதான்."

அந்த முறையை அவர் விடவில்லை. அடுத்த சீசனிலிருந்து எங்கள் அச்சகத்தில் ஒவ்வொரு காலண்டர் புரூஃபிலும் ஐந்து பேர் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு போட்டார்: அண்ணாச்சி, நான், அக்கா, மெஷின்மேன், பைண்டிங் பட்டறைக்காரர். எல்லாரும் நாட்களை விரல்விட்டு எண்ணினோம். செப்டம்பர் முப்பதோடு நின்றது.

அந்த ஆண்டுக் காலண்டர்களின் அடியில் அச்சிட்டிருந்த எங்கள் அச்சகத்தின் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைவாக இருந்தது. புகார் எதுவும் வரவில்லை.