எட்டு ராத்தல் துப்பாக்கி

நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று யாருக்காவது தோன்றினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைதான் படித்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதுவதைத் தவிர வேறு எழுத்து வேலை பழக்கமில்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இதையும் வாயால் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியும் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளும் மோதிக்கொண்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. எனக்கு இருபது வயது. மரத்துக்கு மரம் தனியாகப் போகிற வேலை கூச்சக்காரனுக்குத் தோதுதானே என்று நினைப்பீர்கள். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. காட்டிலிருந்து வருகிறவர்கள் மரத்துக்குப் பின்னால் நின்று, அரிசி எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் போனதும் உடுப்புப் போட்டவர்கள் வந்து, அரிசி கேட்டது யார் என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் கேள்வி. எனக்குத் தோட்டாவைவிடக் கேள்வி பயம்.

அப்போது பட்டறை ஆசாரி ஊருக்குக் கப்பலேறிவிட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. பட்டறையில் ரம்பம்தான் சத்தம் போடும், ஆள் பேச வேண்டியதில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று முருகன் சாமியிடம் கேட்டுக்கொண்டேன். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் கேட்க வாய் வரவில்லை.

துரையே கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய நாய்க்கூண்டுக்கு நான் ஒரு கதவு செய்து கொடுத்திருந்தேன். அதில் அவருக்குத் திருப்தி, நாய்க்கு இல்லை. சுங்கைப் பட்டாணிக்கு வெளியே துரைமார் கிளப்பில் ஒரு சுடும் போட்டி வைத்திருந்தார்கள். சுடுகிறவர் நாற்காலியில் உட்காருவார். முன்னால் மேசை, மேசைமேல் மணல் மூட்டை, மூட்டைமேல் துப்பாக்கி. தூரத்தில் ஒட்டிய காகிதத்தில் சட்டைப் பொத்தான் அளவு புள்ளி ஒன்று இருக்கும். அதைச் சுட வேண்டும். இவ்வளவு வசதியாக உட்கார்ந்து சுடுவதற்குப் பேசாமல் காகிதத்தை மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

போட்டிக்குச் சின்னத் தோட்டா போடும் துப்பாக்கிதான் வேண்டும். முழுத் துப்பாக்கியும் எட்டு ராத்தலுக்கு மேல் போகக் கூடாது. துரையிடம் இருந்ததில் குழலும் விசையும் நல்லவை, ஆனால் குழலைத் தாங்கும் மரக்கட்டை அம்மிக்கல் மாதிரி கனத்தது. எடை குறைந்த புதுக் கட்டை நான் செய்ய வேண்டும்.

“கட்டை சரியா வந்தா பட்டறை உனக்கு. வரலே, மறுபடி மரம் வெட்டு,” என்றார் துரை. தோட்டத்தில் பழகிய தமிழ் அவருடையது.

ஜெலுத்தோங் மரத்தில் செய்தேன். தக்கை மாதிரி இலேசான மரம். அந்த நாளில் கூலிக்காரன் கையில் துப்பாக்கி இருந்தால் தூக்குத் தண்டனை. அதனால் குழலை என்னிடம் விடவில்லை. பொருத்திப் பார்க்க வேண்டிய நேரத்தில் தோட்டக் காவலுக்குப் போட்டிருந்த ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அண்ணன் அதைத் துணியில் சுற்றிப் பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு வருவார். தன் துப்பாக்கியை மடியில் வைத்தபடி இந்தத் துப்பாக்கிக்குக் காவல் இருப்பார். மத்தியானத்தில் இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிவிடுவார்.

கட்டை முடிந்ததும் பெரிய கிராணியார், அதாவது தோட்ட ஆபீசின் தலைமைக் கணக்கர், முழுத் துப்பாக்கியையும் ஸ்டோர் தராசில் மாட்டினார். வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் ஒட்டுப்பாலை, அதாவது உறைந்த ரப்பர் பாலை, நிறுத்துக் கூலி போடுகிற தராசு அது. முள் எட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. கிராணியார் கைதட்டினார். நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன்.

அந்தத் தராசு எடையைத் தின்னும், உள்ளதைக் குறைத்துக் காட்டும். ராத்தலுக்கு ஒன்றரை அவுன்ஸ் தின்னும் என்று வெட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். அதில் முள் ஏழேகாலில் நின்றால்தான் உண்மையான எட்டு. கிளப்பில் போய் நிறுத்தால் துப்பாக்கி தோற்கும், எனக்குப் பட்டறை போகும். உள்ளதைச் சொன்னால் கிராணியார் முகம் போகும். யார் பெயரை எந்த வேலையில் எழுதுவது என்பது அவர் கையில். ஆகவே பளபளப்பு ஏற்ற வேண்டும் என்று பொய் சொல்லிக் கட்டையைத் திரும்ப வாங்கி, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே குடைந்தேன். முள் ஏழேகாலுக்கு வந்தது.

துரைக்கு ஒரே சந்தோஷம். இன்னும் முக்கால் ராத்தல் இடம் இருக்கிறதே என்று, தன் நாயின் முகம் செதுக்கிய பித்தளைத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து பதிக்கச் சொன்னார். முள் ஏறியது. நான் மறுபடி குடைந்தேன். இறங்கியதைப் பார்த்துவிட்டு, தோளில் அழுத்தாமல் இருக்க ரப்பர் மெத்தை வைக்கச் சொன்னார். குடைந்தேன். பிறகு கன்னம் வைக்கக் குதிரைச் சேணத்துத் தோல் கொண்டுவந்தார். நான் குடையக் குடைய அவர் சுமத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் கட்டைக்குள் மரத்தைவிடக் காற்றுதான் அதிகம். கான்ஸ்டபிள் அண்ணன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, தீமிதிக்கு மோளக்காரன் வரலேன்னா இத வெச்சே சமாளிச்சிரலாம் லா,” என்றார்.

போட்டியன்று கிராணியாரும் நானும் லாரியில் பின்னால் போனோம். மூன்று தோட்டத்துத் துரைமார் வந்திருந்தார்கள். கிளப்பில் தராசு கிடையாது. அவர்களுக்குச் சாமான் போடும் முஸ்லிம் மளிகைக்கடைக்காரரை, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவரை, தன் தட்டுத் தராசையும் எடைக்கல்லையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவர் ஒரு பக்கம் எட்டு ராத்தல் கல்லை வைத்தார். மறுபக்கம் முதல் துப்பாக்கியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். தொபுக்கென்று தரைக்குப் போனது. இரண்டாவது தோட்டத்துத் துப்பாக்கியும் தொபுக். இரண்டுமே முக்கால் ராத்தல் அதிகம். மூன்றாவதாக எங்களுடையது. கொஞ்சம் ஆடியது, பிறகு சமமாக நின்றது.

மற்ற இரண்டு துரைகளும் காக்காவின் தராசு கோணல் என்று கத்தினார்கள். தங்கள் ஸ்டோரில் சரியாக நிறுத்துத்தான் கொண்டுவந்ததாகச் சொன்னார்கள். எங்கள் துரை, சட்டம் என்றால் சட்டம், எட்டு என்றால் எட்டு என்று மேசையைக் குத்தினார்.

காக்கா நிதானமாகத் தோள்துண்டை உதறினார். “கோவப்படாதீங்க தொரை. மூணு எஸ்டேட்டு ஸ்டோர் தராசையும் லோரில ஏத்திக் கொண்டாங்க. இங்கனயே வரிசையா தொங்கவிட்டு, என் கல்லப் போட்டுப் பாத்துருவோம்.”

கத்திய இருவரும் சட்டென்று தங்கள் துப்பாக்கிகளை உறைக்குள் போட்டார்கள்; அவர்கள் ஸ்டோர் தராசுகளும் தின்கிறவைதானே. எங்கள் கிராணியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார்.

துரை என் பக்கம் திரும்பினார். “மூணுல உன் கட்டை மட்டும் எப்படிடா சரியா வந்துச்சி?”

நாக்கு ஒட்டிக்கொண்டது. பையனுக்குக் கை ராசி துரை என்று கிராணியார் எனக்காகச் சொல்லிப் பார்த்தார். துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று துரைகள், காக்கா, கான்ஸ்டபிள்கள் எல்லாரும் பார்த்தார்கள். இத்தனை கண்கள் என்மேலிருந்து நகர வேண்டுமானால் பதில் சொல்லித் தொலைப்பதைத் தவிர வழி தெரியவில்லை.

“ஸ்டோர் தராசு ராத்தலுக்கு ஒண்ணர அவுன்சு திங்கும் தொரை. அதக் கழிச்சிட்டுச் செஞ்சேன்.”

துரைமார் அத்தனை பேருக்கும் தமிழ் புரியும். ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். காக்கா துண்டால் வாயை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. எங்கள் துரைக்குக் காது மடல் சிவந்தது.

“கிராணி, நாளைலேர்ந்து இவனப் பட்டறையில போடு,” என்றார். கொஞ்சம் யோசித்து, “ஸ்டோர் பக்கம் மட்டும் நிக்க விடாத,” என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு போட்டி நடந்தது. மற்ற இருவரும் தள்ளப்பட்டதால் எங்கள் துரை தன்னந்தனியாக உட்கார்ந்து சுட்டார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கட்டை டொம் என்றது. ஏழாவதில் நடுவே பிளந்து, பித்தளை நாய் முகம் தெறித்து, காக்கா கிளப்புக்குக் கொண்டுவந்திருந்த எண்ணெய் டின்னில் பட்டது. ஆனாலும் முதல் பரிசு அவருக்குத்தான்.

திரும்பும்போது தோட்டத்து முள்வேலிக் கதவில் லாரி சோதனைக்கு நின்றபோது கிராணியார், “உனக்கு வாய் இருக்கா?” என்று கேட்டார். துரை சொன்னதை அவர் எழுதுவாரா மாட்டாரா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் என் பெயரைப் பட்டறை ஆட்களோடு படித்தார்கள். நான் போய் ஆஸ்பத்திரிக் கக்கூஸ் கதவுக்கு இரண்டு கீல் மாற்றினேன்.