புதுசுதான் வேகம்

வண்டிப்பெரியாரில் தேயிலை பறிக்கும் குருவம்மாளின் மகள் சிவசங்கரிக்கு முகம் காட்டிப் பேசக் கூச்சம். அதனால் அவளுடைய யூடியூப் சேனலில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. திறந்து கிடக்கும் ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரு புராசஸரைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் இரண்டு கைகள், ஒரு குரல், அவ்வளவுதான். கம்பம், தேனிப் பக்கத்து ஆட்கள்கூட அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குப் போனார்கள்.

சோதனை செய்வதும் பேசுவதும் அவள். வெட்டி ஒட்டி வீடியோவாக்குவது சந்துரு. பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன். அவனுக்கு ஒரு வேலை கிடைத்ததும் கல்யாணம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

சோதனையில் அவள் கறார். இரண்டு புராசஸருக்கும் ஒரே போர்டு, ஒரே ஃபேன். மலையின் காலைக் குளிரில் எதுவும் சூடாகாமல் நன்றாக ஓடிவிடும். அதனால் ஒன்றைக் காலையில் ஓட்டினால் மற்றதையும் மறுநாள் அதே நேரத்தில்தான் ஓட்டுவாள். "உனக்குப் பைத்தியம்" என்று சந்துரு சிரிப்பான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கும்.

போன கோடையில் கொச்சியிலிருந்து ஒரு விற்பனை ஏஜென்ட், புதிதாக வந்த புராசஸர் ஒன்றைச் சோதிக்கச் சொல்லி அனுப்பி வைத்தார். தன்னிடம் இருந்த பழையதோடு அதை ஒப்பிட்டாள். கேம் விளையாடப் புதியதுதான் முந்தியது. ஆனால் மணிக்கணக்கில் ஓடும் அனிமேஷன் வேலையைக் கொடுத்ததும், ஆரம்பத்தில் பாய்ந்த புதியது சூடேறித் தளர்ந்துவிட்டது. பழையது அலட்டிக்கொள்ளாமல் ஓடி முதலில் முடித்தது. இரண்டையும் அப்படியே சொல்லிப் பதிவு செய்து சந்துருவிடம் கொடுத்தாள். முடிந்த வீடியோவை அவள் பார்க்கவில்லை. தன் குரலைத் தானே கேட்க அவளால் ஒருபோதும் முடிந்ததில்லை.

மழை தொடங்கியபின் ஒரு மத்தியானம், அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தின் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஏலப்பாறையில் தேயிலை பாக்டரி வண்டி ஓட்டும் அழகுமலை, போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டரோடு இறங்கினார். கூடவே அனிமேஷன் படிக்கும் அவர் மகள் ஆனந்தி.

"நீ சொன்னன்னுதான்ம்மா இந்தப் புதுசைப் போட்டு வாங்குனேன். புள்ள வேலையைப் போட்டா பாதியிலேயே படுத்துக்கிருது. காலேஜ்ல குடுக்க வேண்டியதைக் குடுக்க முடியாம அழுகுறா."

"அண்ணே, அனிமேஷனுக்கு இது வேணாம்னுதான நான் சொன்னேன்?"

ஆனந்தி அந்த வீடியோவைப் போட்டுப் போனை நீட்டினாள். சிவசங்கரியின் குரல் தெளிவாகக் கேட்டது: "அனிமேஷன் வேலைக்கும் புதுசுதான் வேகம்." உடனே அடுத்த காட்சி வந்துவிட்டது.

அவள் சொன்னது, "அனிமேஷன் வேலைக்கும் புதுசுதான் வேகம்னு நெனச்சா ஏமாந்துருவீங்க" என்று.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். வெட்டிய இடமே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. பிறகு தன் கம்ப்யூட்டரைத் திறந்து, பழைய புராசஸரைக் கழற்றி ஆனந்தியுடையதில் மாட்டினாள். "உனக்கு?" என்று பதறினார் அழகுமலை. "எனக்கு உங்களுது போதும்ணே" என்றாள்.

சாயங்காலம் பாலத்தருகே சந்துரு வந்தான். அவன் மறைக்கவில்லை.

"புதுசைக் குறை சொல்றதை வெட்டுனா, அந்த ஏஜென்ட் கொச்சியில வேலை போட்டுத் தர்றேன்னாரு சங்கரி. வேலை இல்லாம உங்க வீட்டுல வந்து எப்படிப் பொண்ணு கேப்பேன்? உனக்காகத்தான் செஞ்சேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ விட்டிருக்க மாட்ட."

"அந்த வீடியோவை எடுத்துரு."

"நான் வேலையில சேர்ற வரைக்கும் இருக்கட்டும். அப்புறமா எடுக்குறேன்."

சேனல் அவன் பெயரில் இருந்தது. அவன் எடுக்கவில்லை. அவள் வேறொரு சேனல் தொடங்கி, நடந்ததைச் சொல்லி ஒரு வீடியோ போட்டாள். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் ஒருவர், காதல் முறிந்த ஆத்திரத்தில் பேசுகிறாள் என்று எழுதியிருந்தார். அன்றுவரை அது முறிந்திருக்கவில்லை.

ஓணம் விடுமுறைக்கு முன் சந்துரு போன் செய்தான். வேலை நிலைத்துவிட்டதாம். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். குரலில் பழைய சந்தோஷம் அப்படியே இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டாள்.

"நல்ல பையன்னு நீதானடி சொன்ன?" என்றாள் குருவம்மாள்.

"நல்லவன்தான்ம்மா. என்மேல உசுரையே வச்சிருக்கான். ஆனா இனி நான் எதைப் பேசுனாலும், இவன் இதுல எதை வெட்டுவானோன்னுதான் இருக்கும். அப்படி ஒருத்தன்கூட எப்படிம்மா இருக்குறது?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். சிவசங்கரி சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள். பிறகு எழுந்து, வர வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பினாள். அவன் உடனே கூப்பிட்டான். எடுத்தால் மனம் மாறிவிடும் என்று தெரிந்ததால் அவள் எடுக்கவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

இப்போது குமுளியில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். எது வாங்கலாம் என்று கடைக்கு வருபவர்கள் கேட்டால், முதலாளியைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் வேலையைப் பார்க்கிறாள்.